பல் உடைத்த கேசட்: தோட்டத்து டேப்புகளைப் படியெடுக்க நினைப்பவர்களுக்கு

பிஸ்கட் டின்னில் வரும், மைலோ டின்னில் வரும், ஒரு தடவை அரிசிச் சாக்கிலேயே வந்தது. திறந்தால் பாட்டுக் கேசட், வீடியோ டேப், உறை தொலைந்த சிடி, நடுவில் கரப்பான் முட்டை. "அக்கா, எல்லாத்தையும் ஒரு பென்டிரைவில போட்டுக் கொடுங்க, எவ்வளவு ஆகும்?" என்பார்கள். விலை சொல்வதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். இதில் எது உங்களுடையது?

"எல்லாம் எங்களுடையதுதான், காசு கொடுத்து வாங்கினது" என்று கொஞ்சம் கோபமாகவே பதில் வரும். அந்தப் பதிலில் பாதிதான் சரி. மீதிப் பாதியை ஒவ்வொருவருக்கும் கடை வாசலில் நின்று விளக்கி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடை வரிசையில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். அதே கடையில் 80களில் அப்பா வீடியோ டேப் வாடகைக்கு விட்டார். டேப் ஒன்று இரண்டு வெள்ளி (ரிங்கிட்), மெஷினோடு எடுத்தால் பதினைந்து. சம்பளச் சனிக்கிழமை லாரியில் வந்து எடுத்துப் போவார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒரு வீட்டுக்காரர் டிவியை வாசலுக்குத் தூக்கி வைப்பார், நாற்பது பேர் பாய் விரித்துப் பார்ப்பார்கள். மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1987இல் வந்தது. அந்தப் பெயரைக்கூட எங்கள் கடையில் அப்போது யாரும் சொன்னதில்லை.

அப்புறம் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தை உடைத்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை உடைத்தார்கள். பள்ளிப் பாடத்தில் எங்கள் ஊர் ஒரே ஒரு நாளுக்காகத்தான் வரும். 1948 ஜூன் 16, பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டது, அதைத் தொடர்ந்து வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம். அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது வருஷம் இங்கே தீமிதி நடந்தது, உருமி மேளம் அடித்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கபடி நடந்தது. அதற்கெல்லாம் எஞ்சியிருக்கும் சாட்சி அந்த பிஸ்கட் டின்தான். ஆகவே அவசரம் உண்டு.

முதலில் பிரியுங்கள்

தரையில் பழைய பேப்பர் விரித்து டின்னைக் கவிழ்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், உங்கள் வீட்டில், உங்கள் கோயிலில், உங்கள் ஆட்கள் பதிவு செய்தது. கல்யாணம், சடங்கு, திருவிழா, தாத்தா பாடியது, இறந்த வீட்டில் ஒப்பாரி வைத்தது. இரண்டாவது, கம்பெனி வெளியிட்டு நீங்கள் கடையில் வாங்கியது. படம், படப் பாட்டு, பக்திப் பாடல். மூன்றாவது, இரண்டிலும் சேராதது. டிவியிலிருந்து பிடித்தது, ரேடியோவிலிருந்து பிடித்தது, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூன்றுக்குப் பத்து வெள்ளி என்று வாங்கியது.

பெரும்பாலானோர் இரண்டாவது குவியலைத்தான் முதலில் நீட்டுவார்கள். எம்.ஜி.ஆர். படம், சுப்ரபாதம். அவை எங்கும் போய்விடவில்லை. உலகத்தில் ஆயிரம் பிரதி இருக்கிறது, பாதி இணையத்தில் முறையாகவே கிடைக்கிறது. முதல் குவியலுக்கு உலகத்திலேயே ஒரு பிரதிதான் உண்டு, அது உங்கள் மடியில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.

பணம் கொடுத்து வீடியோக்காரரை வைத்து எடுத்த கல்யாணம் யாருக்குச் சொந்தம் என்று கேட்கிறார்கள். நம் நாட்டுச் சட்டப்படி, ஒருவரிடம் சொல்லிப் பணம் கொடுத்துச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போகும். எனவே தைரியமாகப் படியெடுக்கலாம். ஆனால் வீடியோக்காரர் பின்னணியில் சேர்த்த படப் பாட்டு உங்களுடையது ஆகிவிடாது. அந்தப் பாட்டு பின்னால் ஒரு வம்பு செய்யும், அதற்கு வருகிறேன்.

பல்லைப் பாருங்கள்

மெஷினில் போடுவதற்கு முன்னால் கேசட்டின் முதுகைப் பாருங்கள். தலை உள்ளே போகும் திறந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். இரண்டு ஓரத்திலும் சின்னச் சதுரமாகப் பிளாஸ்டிக் பல் இருக்கும். ஏ பக்கம் உங்களைப் பார்த்திருந்தால், இடது ஓரத்துப் பல் ஏ பக்கத்துக்கானது. அந்தப் பல்லைப் பேனா முனையால் நெம்பி உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் இனி எதையும் பதிய முடியாது. ரெக்கார்டு பட்டன் கீழே இறங்கவே இறங்காது. வீடியோ டேப்புக்கும் முதுகில் இப்படி ஒரு பல் உண்டு.

அப்பா கடைக்கு வந்த டேப் எல்லாவற்றுக்கும் பல்லைப் பிடுங்கிவிடுவார். "பல்லு போனாத்தான் இது கடிக்காது" என்பார். வாடகைக்குப் போன இடத்தில் யாராவது அதன்மேல் கால்பந்தாட்டத்தைப் பதிந்துவிடக் கூடாதே. அதே வாடிக்கையாளர் பல் போன ஓட்டையில் செலோடேப் ஒட்டி மறுபடி பதிவார். அது வேறு கதை.

நான் பார்த்த பூட்டுகளில் நியாயமான பூட்டு அது ஒன்றுதான். போட்டவர் கையிலேயே அதன் சாவியும் இருந்தது. உடைத்தாலும் நீங்கள்தான், ஒட்டினாலும் நீங்கள்தான். பிற்காலத்தில் வந்த பூட்டுக்கெல்லாம் சாவி எங்கேயோ கடல் தாண்டி ஒரு கம்பெனியிடம் இருக்கிறது.

சரி. உங்கள் முதல் குவியலில் பல் இருக்கும் கேசட் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். ஒருவர் தன் அப்பாவின் குரல் பதிவைக் கேட்கப் போய், பிளேயோடு ரெக்கார்டையும் சேர்த்து அழுத்தி, எட்டு நொடி அழித்துவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்து அழுதார். அந்த எட்டு நொடியை யாராலும் திருப்பித் தர முடியாது.

பூஞ்சை

நம் ஊர் ஈரத்துக்கு வீடியோ டேப் பூக்கும். டேப்பின் சன்னல் வழியே வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் அல்லது சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை. அதை மெஷினில் போடாதீர்கள். போட்டால் தலை அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல டேப்புக்கும் அது தொற்றும். பூத்த டேப்பைத் தனியாக எடுத்து உலர்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் சில நாள் வையுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். வடகம் இல்லை இது. பிறகு அதை மட்டும் செய்கிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் டேப்பைப் பிரித்துத் துணியால் துடைக்கும் வீரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பூஞ்சை இல்லாத டேப்பை, முதலில் ஒரு தடவை கடைசிவரை வேகமாக ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுருள் தளரும்.

மெஷினும் கம்பியும்

வீடியோ ரெக்கார்டர் தேடுவதுதான் கஷ்டம். கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இன்றைக்கு உலகத்தில் ஓடுவதெல்லாம் பழைய மெஷின்தான். ஈப்போவில் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது உங்களுக்கு வேண்டாத ஒரு டேப்பைக் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். நல்ல டேப்பைக் கொண்டு போகாதீர்கள், பழைய மெஷின் டேப்பைத் தின்னும்.

மெஷினின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருக்கும். மஞ்சள் படம், மற்ற இரண்டும் ஒலி. அதிலிருந்து கம்பியை யுஎஸ்பி கேப்ச்சர் என்ற சின்னக் குச்சிக்குக் கொடுத்து, குச்சியை லேப்டாப்பில் செருக வேண்டும். மென்பொருளில் படத்துக்குப் பால் (PAL) முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் டேப் அந்த முறைதான். தவறி என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறையை வைத்தால் படம் கறுப்பு வெள்ளையில் உருளும். மூன்று மணி நேர டேப்புக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி இடம் பிடிக்கும். ஓடவிட்டுவிட்டு சமைக்கப் போகலாம், ஆனால் முதல் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள்.

பாட்டுக் கேசட்டுக்கு இவ்வளவு பாடு இல்லை. பிளேயரின் இயர்போன் ஓட்டையிலிருந்து லேப்டாப்பின் மைக் ஓட்டைக்கு ஒரு கம்பி போதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்துகொள்ளலாம். ஒலியைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். முழுதாக வைத்தால் உருமி அடிக்கும் இடத்தில் கிழியும்.

மெஷின் "முடியாது" என்றால்

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மூன்று வருஷம் முன்னால் ஓர் ஆன்ட்டி தன் கல்யாண டேப்பைக் கொண்டுவந்தார். 1989, தோட்டத்து மாரியம்மன் கோயில், பந்தல் முழுக்க ஜிகினாத் தாள். மாப்பிள்ளை ஊர்வலம் வரை நன்றாக ஓடியது. தாலி கட்டும் இடத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் திரை நீலமாகிவிட்டது. கேப்ச்சர் குச்சி ஒரு செய்தி காட்டியது. இது காப்புரிமைப் பாதுகாப்பு உள்ள படைப்பு, பதிய முடியாது.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். "என் கல்யாணத்துக்கு எவன்டி காப்புரிமை வாங்கினான்?"

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் கம்பெனி வெளியிட்ட அசல் டேப்பிலும் பிறகு டிவிடியிலும் மாக்ரோவிஷன் என்று ஒரு தடுப்பு வைத்தார்கள். படத்தின் மேல்விளிம்புக்கும் மேலே, திரையில் தெரியாத வரிகளில், சில துடிப்புகளைச் செருகிவிடுவார்கள். டிவி அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் ரெக்கார்டர், வெளிச்சம் ஏறிவிட்டது என்று ஏமாந்து தானாகக் குறைக்கும், அடுத்த நொடி ஏற்றும். படியெடுத்த படம் மூச்சு விடுவதுபோல இருண்டு இருண்டு வெளுக்கும். புதுக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தத் துடிப்பு தெரிந்தாலே பதிவதை நிறுத்திவிடும்.

முப்பது வருஷம் நைந்த டேப்பில் அதே வரிகளில் வெறும் இரைச்சல்தான் இருக்கும். குச்சிக்கு இரைச்சலும் துடிப்பும் ஒன்றாகத் தெரிந்தது. ஆக, திருடனைப் பிடிக்க வைத்த பூட்டு ஆன்ட்டியைப் பிடித்தது.

இப்படி வந்தால் பதறாமல் வரிசையாகச் செய்யுங்கள். மெஷின் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள், மேலும் கீழும் தேய்க்காமல் பக்கவாட்டில் மட்டும். டிராக்கிங் பட்டனைத் திருகிப் படத்தை நிலைப்படுத்துங்கள். போகவில்லையென்றால் வேறு ரெக்கார்டரில் போட்டுப் பாருங்கள். ஒரு மெஷினில் அடம்பிடிப்பது இன்னொன்றில் ஓடும். அதுவும் ஆகாவிட்டால் படத்தை நிலைப்படுத்தும் சுற்று உள்ளேயே அமைந்த உயர்ரக ரெக்கார்டர்கள் உண்டு, அப்படி ஒன்றில் கொடுத்து எடுக்க வேண்டும். ஆன்ட்டியின் தாலியை நான் அப்படித்தான் காப்பாற்றினேன். மூன்று முடிச்சில் இரண்டு தெளிவாக வந்தது.

அதே மெஷின் அசல் படத்தின் பூட்டையும் தாண்டிவிடுமே என்று ஒரு தம்பி கண்ணடித்தான். தாண்டுகிறதோ இல்லையோ, உரிமையாளர் போட்ட தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டுவதையே தடைசெய்யும் பிரிவு, 36ஏ, 2012 திருத்தத்தில் நம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆன்ட்டியின் டேப்பில் யாரும் பூட்டுப் போடவில்லை, மெஷின்தான் இருப்பதாக நினைத்தது. வித்தியாசம் அதுதான்.

வாங்கிய குவியல்

"என் காசில் வாங்கிய கேசட்டை எனக்காக ஒரு பிரதி எடுத்தால் என்ன தப்பு?" நியாயமான கேள்வி. எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு எதையும் நகலெடுக்கலாம் என்ற பொதுவான அனுமதி நம் சட்டத்தில் இல்லை. நியாயமான பயன்பாடு என்று ஒன்று உண்டு. ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி போன்றவற்றை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டிவி, ரேடியோ ஒலிபரப்பைத் தன் வீட்டுக்குள் பார்க்கக் கேட்கப் பதிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது. கடைக்காரியான நான் காசு வாங்கிக்கொண்டு படம் நகலெடுத்துக் கொடுத்தால் கதையே வேறு. விற்பனைக்கு நகலெடுப்பவருக்கு ஒரு பிரதிக்கு 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. என் போட்டோஸ்டாட் மெஷின் விலையே அவ்வளவு வராது.

எது காலாவதியானது என்று பார்க்க ஒரு கணக்கு. நம் நாட்டில் எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை நிற்கும். இந்தியாவில் 60. ஒலிப்பதிவுக்குத் தனிக் கணக்கு, இங்கே வெளியானதிலிருந்து 50 ஆண்டு. ஆக ஒரு பாட்டுக்குள் சாப்பாட்டு கேரியர் மாதிரி அடுக்கடுக்காக உரிமை உண்டு: வரி ஒருவருக்கு, மெட்டு ஒருவருக்கு, பதிவு ஒரு கம்பெனிக்கு. கண்ணதாசன் 1981இல் இறந்தார். அவர் வரிகளுக்கு இங்கே 2031 முடியும் வரை உரிமை இருக்கிறது, பதிவு எவ்வளவு பழையதானாலும். பாரதி பாட்டு என்றால் கவலையே இல்லை. 1921இல் இறந்தவர், அவர் படைப்புகளின் உரிமையை 1949இல் அன்றைய சென்னை அரசே வாங்கி, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஆனால் பாரதி பாட்டை ஒரு பாடகர் போன வருஷம் பாடிய பதிவு அந்தப் பாடகருக்கும் கம்பெனிக்கும் உரியது. கேரியரில் மேலடுக்கு காலி, கீழடுக்கில் சோறு இருக்கிறது.

படப் பாட்டுக்கு நான் சொல்லும் யோசனை சுலபம்: படியெடுக்காதீர்கள், தேடுங்கள். பெரும்பாலானது கட்டணச் செயலியிலோ, கம்பெனியே ஏற்றிய காணொளியிலோ இருக்கிறது. உங்கள் மூன்று மணி நேரம் முதல் குவியலுக்கு வேண்டும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திருட்டு டிஸ்க்கால் யார் செத்தார்கள் என்று கேட்டால், சென்னைக் கம்பெனிக்காரர்கள் இல்லை, எங்கள் ஆட்கள்தான். இங்கேயே பாட்டெழுதி, கடன் வாங்கிக் கேசட் போட்டு, கார் டிக்கியில் வைத்துக் கோயில் கோயிலாக விற்றவர்கள். 2003இலிருந்து அசல் டிஸ்க்கில் ஹோலோகிராம் ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்பா மினுமினுக்கும் அந்த ஸ்டிக்கரைக் காட்டிக் காட்டி விற்றார். எதிரே பசார் மாலாமில் ஸ்டிக்கர் இல்லாதது கால் விலை. ஜனங்கள் எதிரே போனார்கள், 2006இல் அப்பா கடையை மூடினார். அதனால் காப்புரிமை என்றாலே பணக்காரன் சதி என்று யாராவது என் கடையில் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும்.

உள்ளூர்க் கலைஞர்களின் கேசட்டுக்கு வேறு வழி இருக்கிறது. கேளுங்கள். உறையின் பின்பக்கத்தில் பெரும்பாலும் தொலைபேசி எண்ணே இருக்கும். எண் மாறியிருந்தாலும் நாலு பேரை விசாரித்தால் ஆள் கிடைப்பார், நம் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான். இப்படி ஒரு செய்தி அனுப்பச் சொல்லிக் கொடுப்பேன்:

"வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் வெளியிட்ட உருமி மேளக் கேசட் எங்கள் வீட்டில் இருக்கிறது, நாடா நைந்துவிட்டது. வீட்டில் கேட்க ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா? யாருக்கும் பகிர மாட்டோம், இணையத்தில் ஏற்ற மாட்டோம். உங்களிடம் விற்பனைக்குப் பிரதி இருந்தால் விலை சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறோம்."

இதுவரை ஏழு பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர், "என்கிட்டயே அந்தக் கேசட் இல்லம்மா, எனக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பு" என்றார். ஒருவர் பதில் போடவில்லை, அந்தக் கேசட் இன்னும் டின்னில்தான் இருக்கிறது. பதில் வந்த செய்தியைப் படம் பிடித்து, பாட்டுக் கோப்போடு அதே உறையில் வைத்துவிடுங்கள்.

திருவிழாவும் இணையமும்

படியெடுத்த கையோடு எல்லாரும் செய்வது, யூடியூபில் ஏற்றுவது. அங்கே 2007இலிருந்து ஒரு தானியங்கிக் காவலன் இருக்கிறான். கம்பெனிகள் கொடுத்த பாட்டு ஒவ்வொன்றின் ரேகையையும் வைத்துக்கொண்டு, ஏற்றும் ஒவ்வொரு காணொளியோடும் ஒப்பிடுவான். உங்கள் தீமிதியில் ஒலிபெருக்கி எல்.ஆர். ஈஸ்வரியைப் பாடவிட்டிருந்தால், அவனுக்குத் தீமிதி தெரியாது, ஈஸ்வரிதான் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கோயில் பிள்ளைகள் போன திருவிழாவை நேரலையாக விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேரன்கள் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரகம் கோயிலுக்குள் நுழையும் நேரம், பின்னால் பக்திப் பாட்டு, நேரலை அறுந்தது. கூட்டத்தில் ஒரு பாட்டி, "ஆத்தா கோவிச்சுக்கிட்டா" என்றே முடிவு கட்டிவிட்டார்.

செய்ய வேண்டியது இது. நேரலை ஓடும்போது ஒலிபெருக்கியில் பதிவுப் பாட்டைப் போடாதீர்கள். உருமியும் நாதஸ்வரமும் நேரில் வாசிக்கட்டும். வாசிப்பது படப் பாட்டின் மெட்டாக இருந்தால் அதற்கும் உரிமை கேட்டு வரலாம், ஆனால் பதிவுப் பாட்டை விட மாட்டுவது குறைவு. பழைய கல்யாண வீடியோவை ஊருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றால், பாட்டு ஓடும் இடத்தில் மட்டும் ஒலியை அடைத்த ஒரு பிரதியை ஏற்றுங்கள், முழு ஒலியோடு உள்ளதை வீட்டில் வையுங்கள். மூலத்தில் கை வைக்கக் கூடாது. உரிமைக் கோரல் வந்துவிட்டால், அதில் பெரும்பாலும் தண்டனை இருக்காது. விளம்பர வருமானம் கம்பெனிக்குப் போகும் அல்லது சில நாடுகளில் தெரியாது. உங்கள் உருமிக்குழு சொந்தமாக வாசித்ததையே யாரோ தன்னுடையது என்று கோரினால், மறுப்பு எழுத ஒரு பட்டன் அங்கேயே இருக்கிறது, எழுதுங்கள். படப் பாட்டுக்கு மறுப்பு எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மண்டபத்தில் பாட்டுப் போடுவதும் தனி விஷயம். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் எம்ஏசிபி என்ற அமைப்பு 1989இலிருந்து இருக்கிறது. மண்டபக்காரர் உரிமம் வைத்திருக்கிறாரா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இனிமேல் வாங்கும்போது

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 2000களில் ஒரு தொலைபேசி நிறுவனத்திடம் மாதாமாதம் பாட்டு வாங்கி ஹேண்ட்போனில் சேர்த்தார். போன் செத்தது. புதுப் போனுக்குப் பாட்டு வரவில்லை. அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள் என்று பதில் வந்தது. நூற்றுக்கு மேல் பாட்டு. (காலர் டோன் இன்னும் வேடிக்கை. நம் காசில், நம் காதுக்கே கேட்காத பாட்டு.)

இது அவருக்கு மட்டும் நடந்தது இல்லை. 2009 ஜூலையில் அமேசான், விற்ற இரண்டு புத்தகங்களை உரிமைச் சிக்கல் என்று வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. அதில் ஒன்று, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய, அரசாங்கம் ஆவணங்களை அழிக்கும் கதை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, காசைத் திருப்பிக் கொடுத்தது, புத்தகங்களை எடுத்துக்கொண்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், இப்படிப்பட்ட பொருளை "வாங்கு" என்று விற்கும் கடை, இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

எங்கள் அம்மாவுக்கு நான் இதை விளக்கியபோது, "அது நம்ம லயத்து வீடு மாதிரி" என்றார். மூன்று தலைமுறை இருந்தோம், வாசலில் முருங்கை வைத்தோம், சுண்ணாம்பு அடித்தோம். தோட்டத்தை விற்றபோது ஒரு நோட்டீஸ் வந்தது.

அதனால் நாலு கேள்வி கேட்டு வாங்குங்கள். கோப்பு என் கைக்கு வருமா, இல்லை அவர்கள் செயலிக்குள்ளேயே இருக்குமா? எம்பி3, பிடிஎஃப், ஈபப் மாதிரி எந்தக் கருவியிலும் திறக்கும் வடிவமா? போன் மாறினால், இணையம் இல்லாவிட்டால் திறக்குமா? எனக்குப் பிறகு என் பிள்ளைக்குப் போகுமா? நாலுக்கும் இல்லை என்றால் அது வாடகை. வாடகைக்கு எடுப்பது தப்பில்லை, அப்பா அந்தத் தொழில்தான் செய்தார். ஆனால் வாடகைக்கு வாடகை விலைதான் கொடுக்க வேண்டும்.

பூட்டில்லாத தமிழ் நூல் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்தது, திருக்குறள் முதல் எல்லாம் இலவசம். டிவிடி வாங்கினால் பின்னட்டையில் உருண்டைக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். இந்தியாவுக்கு 5, நமக்கு 3. ஊருக்குப் போன இடத்தில் வாங்கிய 5 இங்குள்ள பிளேயரில் முரண்டு பிடிக்கலாம். அது டிஸ்க்கின் கோளாறில்லை, வேலி.

கண் தெரியாதவர் வீட்டில் இருந்தால் மின்னூல் வாங்கும் முன், போன் அதை வாய்விட்டு வாசிக்கிறதா என்று இலவச முன்பகுதியில் சோதியுங்கள். பூட்டிய நூல் சிலது ஊமையாக இருக்கும். 2022 சட்டத் திருத்தத்தில், அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் அவர்களுக்கேற்ற வடிவில் பிரதி செய்ய வழி திறந்தது, அதே வருஷம் மலேசியா, பார்வையற்றோருக்கு நூல் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆகவே அப்படிப்பட்ட அமைப்பிடம் உரிமையோடு கேட்கலாம்.

பெயர் எழுதுவது, பிரித்து வைப்பது

கோப்புக்கு "வீடியோ1" என்று பெயர் வைக்காதீர்கள். வருஷம், தோட்டம், நிகழ்ச்சி, யார் வீடு. "1989 மாரியம்மன் கோயில் கல்யாணம் கிராணி வீடு" என்றால் உங்கள் பேத்திக்கும் புரியும். பக்கத்தில் ஒரு நோட்டில், படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதுங்கள். டேப்பைவிட அவர் சீக்கிரம் போய்விடுவார்.

மூன்று பிரதி வையுங்கள். ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். பென்டிரைவை மட்டும் நம்பாதீர்கள். சாவிக்கொத்தோடு துணி துவைக்கும் மெஷினுக்குள் போய் வந்தது எத்தனை என்று எனக்குத் தெரியும். வீட்டில் சுட்ட சிடியும் நம் ஊர்ச் சூட்டுக்கு ரொம்ப நாள் தாங்காது. கோப்புகளுக்குக் கடவுச்சொல் போட்டீர்களானால், அதை ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். கம்பெனிப் பூட்டைத் திட்டிவிட்டு, தாத்தா தன் பூட்டின் சாவியைச் சொல்லாமல் போய்ச் சேர்ந்த குடும்பமும் என் கடைக்கு வந்திருக்கிறது.

படியெடுத்த பிறகும் டேப்பைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல மெஷின் என் கைக்குக் கிடைக்கலாம். என்னிடம் கொண்டுவருவதாக இருந்தால் டேப்பை முன்பக்கம்வரை சுற்றிவிட்டு, நிற்க வைத்து, காகிதப் பையில் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்க்கும். பல்லை உடைத்துவிட்டு வாருங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் வேண்டாம், அப்போது எல்லாரும் கடைக்கு வாழ்த்து அட்டை அடிக்கத்தான் வருவார்கள், மெஷின் வைக்கும் மேசையை அதற்குக் கொடுத்துவிடுவேன்.